மூணு மீனு உச்சிக்கு வந்தா

பழனிசெட்டிபட்டி வயக்காட்டுக்கு இராத்தண்ணி பாய்ச்சப் போகும் எங்கள் தாத்தாவிடம் கைக்கடிகாரம் இல்லை. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் முறைவைத்துத்தான் வரும். மார்கழி பிறந்த புதிதில், பொழுது சாய்ந்ததும் நேர் கிழக்கே மூன்று மீன்கள் வரிசையாகக் கிளம்பும். அவை உச்சிக்கு வந்தால் பாதி ராத்திரி. "மூணு மீனு வந்திருச்சு, மம்பட்டிய எடுய்யா" என்பார். மடையை அடைத்துப் பக்கத்து வயலுக்குத் திறந்துவிடுவோம். சேறு குளிர்ந்து கால் மரத்துப்போயிருக்கும். அவை போடி மலைக்குப் பின்னால் இறங்கும்போது கிழக்கு வெளுக்கத் தொடங்கும்.

வரப்பில் உட்கார்ந்து அவர் சொன்ன கதை இது: பிரஜாபதி மானாகி ரோகிணியைத் துரத்தினான், சிவன் வேடனாக வந்து அம்பு விட்டார், அந்த அம்புதான் மூணு மீன். ஐதரேய பிராமணத்தில் இந்தக் கதை இருப்பது பிற்பாடு படித்துத்தான் தெரிந்தது. பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காத தாத்தாவுக்கு எந்த வழியாக வந்து சேர்ந்ததோ!

கிரேக்கர்கள் இதே மீன்களை ஓரியன் என்ற வேட்டைக்காரனின் இடுப்புவார் என்றார்கள். எனக்கு நம்ம கதைதான் உசத்தி. காரணம் வானத்திலேயே இருக்கிறது. மூன்று மீன்களையும் கோடாக ஒருபக்கம் நீட்டினால் செக்கச்செவேலென்ற ரோகிணி, மறுபக்கம் நீட்டினால் வேடனான சிரியஸ். உதிப்பதும் அதே வரிசையில்தான்: ரோகிணி, மான், வேடன்.

மானின் உடம்பில் சிவந்து தெரிவது திருவாதிரை. சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால் செவ்வாயின் பாதைவரை விழுங்கிவிடும். அம்புக்கு அந்தப் பக்கம் நீலவெள்ளையாக ரீகல். ஏறத்தாழ 860 ஒளியாண்டுத் தொலைவு. நாம் பார்ப்பது சோழர் காலத்தில் கிளம்பிய வெளிச்சம்.

மார்கழிப் பௌர்ணமி நிலா திருவாதிரைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அன்றைக்கு அம்மா அரிசியை வறுத்து உடைத்து, பாசிப்பருப்பும் வெல்லமும் சேர்த்துக் களி கிளறுவாள். அடிப்பிடித்த களிக்கு எங்களுக்குள் அடிதடியே நடக்கும்.

இப்போது கம்பம் ரோட்டு வெளிச்சத்தில் ரோகிணியும் சிரியஸும் மூணு மீனும் தப்பிக்கின்றன. மானின் தலையான மிருகசீரிடம் மங்கல், கண்ணுக்குச் சிக்குவதில்லை. 2019 கடைசியில் திருவாதிரை திடீரென மங்கியபோது, வெடிக்கப்போகிறது என்று பத்திரிகைகள் எழுதின. அது கக்கிய தூசுதான் மறைத்தது என்று பிறகு கண்டுபிடித்தார்கள். தாத்தா இருந்திருந்தால், அம்பு பட்ட மான் ஒரு மூச்சு வாங்கிக்கொண்டது என்றிருப்பார்.