காதிஸில் ஒரு தம்பதி

மூவாயிரம் வருஷத்து ஊர் என்று சொல்லித்தான் காதிஸுக்கு டூரிஸ்டுகளை அழைக்கிறார்கள். ஸ்பெயினின் தென்மேற்குக் கரையில், கடலுக்குள் நீண்ட ஒரு மண்நாக்கின் நுனியில் இருக்கிறது ஊர். பீனிஷியர்கள் கி.மு. 1104-ல் ஸ்தாபித்ததாக ஐதீகம். தோண்டிப் பார்த்தவர்கள் கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டைத் தாண்டிப் போகவில்லை. எப்படியானாலும், ரயிலை விட்டு இறங்குகிறவன் கண்ணில் படுவது அந்தப் பழமை அல்ல. 1596-ல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் கப்பல்களில் வந்து ஊரைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். 1717-ல் அமெரிக்க வியாபாரத்தை நிர்வகித்த அலுவலகம் செவீயாவிலிருந்து இங்கே மாறியது. பணம் சேர்ந்தது. தங்கள் கப்பல் வருகிறதா என்று பார்க்க வியாபாரிகள் மொட்டைமாடிகளில் கோபுரம் எழுப்பிக்கொண்டார்கள். ஆக, நான் இரண்டு நாள் சுற்றியது பெரும்பாலும் பதினெட்டாம் நூற்றாண்டில்தான். அழகான சந்துகள். அதைப்பற்றி எழுத மற்றவர்கள் இருக்கிறார்கள்.

பழைய காதிஸ்காரர்கள் கோட்டைச் சுவருக்கு வெளியே கிடக்கிறார்கள். நிலவாசல் என்று பெயர் கொண்ட கோட்டைவாயிலைத் தாண்டினால், பீனிஷியர், ரோமர் எல்லோருடைய இடுகாடும் அங்கேதான். அதன்மேல் இப்போது அடுக்குமாடி வீடுகள், வங்கிகள், பஸ் நிறுத்தங்கள். டூரிஸ்ட் கையேட்டில் இந்தப் பகுதிக்குக் கடற்கரையைத் தவிர வேறு மதிப்பில்லை. ஒரு பிற்பகல் அங்கே நடந்தேன். கீழைக்காற்றில் கொடித்துணிகள் அடித்துக்கொண்டிருந்தன. மூவாயிரம் வருஷம் என்ற சொல் எனக்கு அங்கேதான் கொஞ்சம் பொருள்பட்டது. பார்ப்பதற்கு எதுவும் இல்லாததால் இருக்கலாம்.

1887-ல் இந்தப் பக்கத்தில் ஒரு கண்காட்சிக்காக நிலத்தைச் சமன் செய்தபோது ஒரு சலவைக்கல் சவப்பேழை கிடைத்தது. மூடியில் தாடிவைத்த மனிதன்; இடது கையில் ஒரு பழம். எகிப்திய வடிவம், கிரேக்கச் செதுக்கல், உள்ளே பீனிஷியப் பிணம். பின்னால் வந்த பெலாயோ கின்தேரோ என்ற ஆராய்ச்சியாளர் இந்த இடுகாட்டைப் பல வருஷம் தோண்டினார். ஒரு பெண்ணின் பேழையும் இருந்தாக வேண்டும் என்று அவருக்குத் தீர்மானம். கனவில்கூடக் கண்டார் என்கிறார்கள். கிடைக்கவில்லை. ஜலசந்திக்கு அப்பால் தெத்துவானில் 1946-ல் இறந்துபோனார். 1980-ல் கட்டிட வேலைக்குத் தோண்டியபோது அவள் கிடைத்தாள். அது கின்தேரோ குடியிருந்த மனையேதான் என்பது ஊர் சொல்லும் கதை. பகலெல்லாம் எங்கெங்கோ தோண்டிவிட்டு, இரவில் அவள்மேல் படுத்துத் தூங்கினாராம்.

இப்படியொரு கதையை யாராவது நம் பத்திரிகைக்கு அனுப்பினால் என்ன செய்வோம்? முடிவு ஜோடனை என்று திருப்பி அனுப்புவோம். சரியாகத்தான் செய்வோம். வாழ்க்கைக்கு இந்த ரசனைக்குறைவு உண்டு. எழுத்தாளனுக்கு அந்தச் சலுகை கிடையாது.

மினா சதுக்கத்து மியூஸியத்தில் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். உறுத்தியது. அவள் அவனுக்கு முந்தியவள். நடுவே ஒரு தலைமுறைக்கும் அதிகமான இடைவெளி. ஒருவரையொருவர் கண்டிருக்கவே முடியாது. கின்தேரோவின் ஆசைக்கு மியூஸியம் தாலி கட்டி வைத்துவிட்டது. ஆண் கிடைத்தால் பெண் கிடைத்தாக வேண்டும் என்ற நினைப்பு ஆராய்ச்சி அல்ல, சினிமா. ஆனால் அந்த நினைப்பில்லாவிட்டால் அந்த மனிதர் அத்தனை வருஷம் தோண்டியிருப்பாரா என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. எழுத உட்கார்கிறவனுக்கும் இப்படி ஏதோ ஒரு பொய்யான உறுதி தேவைப்படத்தான் செய்கிறது.

தம்பதி என்ற எண்ணத்தை விலக்கிவிட்டு அவளை மட்டும் பார்க்க முயன்றேன். வரிசையாகச் சுருட்டிய முடி. கையில் சிறிய வாசனைத் தைலக் குப்பி. முகத்தில் எந்தக் காத்திருப்பும் இல்லை. யார் கனவிலும் வந்து போனவளாகத் தெரியவில்லை. சிற்பிக்கு அவள் யாரென்று தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம். பொதுவான ஒரு முகத்தைச் செதுக்கியிருக்கலாம். அந்தப் பொதுமையே பிடித்திருந்தது.

பின்னால் ஒரு குடும்பம் காமிராவோடு நின்றது. இருவரும் சேர்ந்து விழவேண்டும், கொஞ்சம் நகருங்கள் என்று கையால் காட்டினார் தகப்பனார். நகர்ந்துகொண்டேன்.