அக்காவின் பின்னல்

“முகம் மட்டும் கேக்காதீங்க தம்பி. அது தாளக் கணக்குப்படிதான் வரும்” என்றார் ஸ்தபதி. சுவாமிமலையில் அவருடைய பட்டறைத் திண்ணையில் அக்காவின் போட்டோவோடு உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊர் அம்மன் கோயிலுக்கு அவள் நினைவாக ஒரு பாவை விளக்கு வைக்க வேண்டும். போட்டோவை வாங்கி வெகுநேரம் பார்த்தார். “பின்னல் நல்ல நீளம். அதை வைக்கிறேன்.”

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றத் தொடங்கிய சில வாரங்களிலேயே அந்தப் பின்னல் போய்விட்டது. அதை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

தென்னை ஓலை நறுக்கை மடித்து மடித்து அளவு குறித்தார். தலை, கழுத்து, இடை எல்லாம் அந்த மடிப்புகளில்தான். தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகு கரியடுப்பின் பக்கத்தில் இளகிக்கொண்டிருந்தது. அதில் கொஞ்சம் எடுத்து, பலகையில் தண்ணீர் தொட்டு மூன்று இழை உருட்டினார். பிறகு பின்னினார். அம்மா அக்காவுக்குப் பின்னுவதும் இப்படித்தான். ஒவ்வொரு கால் மாற்றும்போதும் கட்டைவிரலால் ஓர் அழுத்து.

அடுத்த முறை போனபோது பாவை மண்ணுக்குள் இருந்தாள். முதல் பூச்சு, மாவாகச் சலித்த காவிரி வண்டல். பின்னலின் வரிக்குள்ளும் அது போய் உட்காரும். அதன்மேல் கரட்டு மண், கம்பிக்கட்டு. வரட்டித் தணலில் மெழுகு உருகி ஓடிய பிறகு மூசையிலிருந்து உலோகத்தை ஊற்றினார்கள்: செம்பு, பித்தளை, ஈயம், துளி வெள்ளி, துளி தங்கம். தங்கம் அக்காவின் மூக்குத்தி. மூசையைத் தூக்கிய இளைஞரின் முழங்கை வரை பழைய தீத்தழும்பு. காலில் செருப்புகூட இல்லை. கோயிலில் கும்பிடுகிற நமக்கு அந்தக் கால்கள் தெரிவதில்லை, தெரிந்திருக்க வேண்டும்.

திரும்பும் பஸ்ஸில் குந்தவை நினைவுக்கு வந்தார். தம்பி ராஜராஜன் எடுத்த தஞ்சைப் பெரிய கோயிலில், தன் தந்தைக்கும் தாய்க்கும் செப்புத் திருமேனி வைத்தவர். அதோடு விடவில்லை. வழிபாடு நடக்க ஊர்ச் சபைகளிடம் முதல் கொடுத்து, ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை, அதாவது வட்டி, என்று கல்லிலும் வெட்டி வைத்தார். நாங்களும் அக்காவின் சேமிப்பில் விளக்குக்குப் போக மீதியை வங்கியில் வைப்பாகப் போட்டோம். வட்டி, அவள் பாடம் நடத்திய அரசுப் பள்ளியில் பார்வை மங்கிய பிள்ளைகளுக்குக் கண்ணாடி வாங்க. போர்டு தெரியாத பிள்ளையை மக்கு என்று யாராவது சொல்லிவிட்டால் அக்கா அன்று முழுக்கச் சரியாகச் சாப்பிடமாட்டாள்.

மண்ணை உடைத்தபோது பாவை கறுத்திருந்தாள். பின்னலின் வரிகள் பாதி மூடிக் கிடந்தன. பட்டறையின் மூத்த தொழிலாளி அவளைக் குப்புறச் சாய்த்து மடியில் வைத்து, உளியால் ஒவ்வொரு காலாகத் திறக்க ஆரம்பித்தார். மாலைக்குள் நாலு விரற்கடை முடிந்தது.

“அவசரம் இல்லையே தம்பி?”

“இல்லைங்க ஐயா.”

இடுப்பு வரைக்கும் இன்னும் இருந்தது.