கட்டைப்பையில் வந்த பாம்புகள்

1/ அரசு மருத்துவமனை கேஷுவாலிட்டியில் நைட் டியூட்டி பார்த்த எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வார். பாம்புக்கடி கேஸ் வந்தால் கூடவே ஒரு பையும் வரும். கட்டைப்பை, உரச்சாக்கு, பிளாஸ்டிக் டப்பா. ஒருமுறை ஹார்லிக்ஸ் பாட்டில். உள்ளே அடித்துக் கொன்ற பாம்பு. சில நேரம் சாகாத பாம்பு.

"இதான் சார் கடிச்சது. பாத்து ஊசி போடுங்க."

2/ அந்தப் பைகள் எனக்குக் கற்றுக்கொடுத்ததைத்தான் இந்த இழையில் சொல்லப் போகிறேன். நான் செய்த ஒரு தவறும் இதில் இருக்கிறது. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள் மக்களே.

3/ இந்தியாவில் 300க்கும் மேற்பட்ட பாம்பு வகைகள் உண்டு. அதில் விஷமுள்ளவை சுமார் 60. அதிலும் பல கடலிலும் அடர்ந்த காட்டிலும் வாழ்பவை. மண்ணுக்குள் மண்புழு தின்று வாழும் கேடயவால் பாம்புகள் என்று ஒரு குடும்பமே இருக்கிறது. உலகத்தில் தீபகற்ப இந்தியாவையும் இலங்கையையும் தவிர வேறெங்கும் அவை கிடையாது. மழைக்காட்டில் தொடங்கி நம் வீட்டுக் கழிவறை ஓட்டைவரை ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பாம்பு உண்டு.

ஆனால் நமக்கு எல்லாமே ஒரே "பாம்பு"தான். பார்த்தால் கம்பை எடுப்போம்.

4/ என்னிடம் பையில் வந்தவற்றில் பாதிக்கு மேல் அப்பாவிகள். மண்ணுளி, சாரை, தண்ணீர்ப் பாம்பு. ஒரு நாள் ஒரு பெரியவரைத் தூக்கிக்கொண்டு பத்துப் பேர் ஓடிவந்தார்கள். பையில் வெள்ளைப் பட்டை போட்ட பாம்பு. "கட்டுவிரியன் சார்!" வீட்டம்மா தரையில் உட்கார்ந்து அழுகிறார்.

பார்த்தால் வெள்ளிக்கோல் வரையன். சுவரேறி பல்லி பிடித்துத் தின்னும் விஷமில்லாத பாம்பு. கட்டுவிரியனுக்குத் தலையை ஒட்டிப் பட்டை மங்கலாகவோ இல்லாமலோ இருக்கும், வால்வரை தெளிவாகப் போகும். இதற்குத் தலைப்பக்கம் தெளிவு, வால்பக்கம் மங்கல்.

5/ பாம்பை மட்டும் நம்பி யாரையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டோம். கடித்தது அதுவாக இல்லாமலும் இருக்கலாம். அதனால் 24 மணி நேரம் அட்மிஷனில் வைத்துப் பார்த்தேன், விஷமுறிவு மருந்து போடவில்லை. மகனுக்குச் செம கோபம். "பிரைவேட்ல போயிருந்தா போட்டிருப்பாங்க."

அந்த மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பது. நம் உடல் அதை எதிர்த்தால் பிரஷர் விழுந்து மூச்சு நின்றுபோகும். தேவைப்பட்டவருக்கு அது அமிர்தம். தேவையில்லாதவருக்கு அதுவே ஆபத்து. பெரியவர் மறுநாள் காபி குடித்துவிட்டு நடந்து போனார்.

6/ அந்தக் குப்பியில் நான்கு பாம்புகளுக்கான முறிவு இருக்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். நம் நாட்டுப் பாம்புக்கடி மரணங்களில் பெரும்பங்கு இந்த நால்வரால்தான்.

நான்கும் நான்கு விதம். கண்ணாடிவிரியன் கடித்தால் கால் வீங்கும், ரத்தம் உறையாது, கிட்னி அடி வாங்கும். கட்டுவிரியன் கடித்த இடமே தெரியாது. விடியற்காலை வயிற்றுவலி, வாந்தி என்று ஒரு ஒன்பது வயதுப் பையனைக் கொண்டுவந்தார்கள். கேஸ் டிரபுள் ஊசி கேட்டார் அம்மா. நான் பையனின் கண் இமையைப் பார்த்தேன், பாதி இறங்கியிருந்தது. "ராத்திரி எங்கம்மா படுத்தான்?" "தரையிலதான் சார்." நான்கு நாள் வென்டிலேட்டர். பிழைத்துக்கொண்டான்.

7/ இனி என் தவறு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்து மருத்துவமனை ஒன்றில் இருந்தேன். விடிவதற்கு முன் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்கள் நிறைந்த ஊர். அதில் ஓர் அக்காவுக்குக் காலில் கடி. அன்று பை எதுவும் வரவில்லை. காய்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிடம் ஆட்டாமல் வைத்துச் சாய்த்துப் பார்த்தேன். தண்ணீர் மாதிரி ஓடியது. உறையவில்லை.

விரியன் என்று முடிவுசெய்து 10 குப்பி ஏற்றினேன். ஆறு மணி நேரம் கழித்தும் உறையவில்லை. இன்னொரு 10. அதில் ரியாக்‌ஷன் வந்துவிட்டது. உடம்பு தூக்கிப்போட்டது, பிரஷர் சரிந்தது. அட்ரினலின் போட்டு மீட்டோம். ரத்தம் அப்போதும் உறையவில்லை. சிறுநீர் குறையத் தொடங்கியது.

8/ மறுநாள் மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பும்போதுதான் அவர் கணவர் சொன்னார். "சின்னதுதான் சார். சருகு கலர்ல சருகுக்குள்ளயே கெடந்துச்சு. மூக்கு மட்டும் மேல தூக்கினாப்புல இருந்துச்சு."

அங்கிருந்த சீனியர் போனில் கேட்டதும் சொல்லிவிட்டார். மூக்கு தூக்கிய குழிவிரியன். இலங்கைத் தமிழர்கள் கோப்பி விரியன் என்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் மட்டும் வாழ்வது. நம் குப்பியில் அதற்கு முறிவு இல்லை.

9/ நான் படித்த பாடத்தில் நான்கு பாம்பு இருந்தது. அந்த மலையில் ஐந்தாவது இருந்தது.

எந்தப் பாம்பு என்று தெரியாதபோது, ரத்தம் உறையவில்லை என்றால் விஷமுறிவு கொடுப்பது சரிதான். முதல் சுற்று வேலை செய்யாதபோது நான் நின்று யோசித்திருக்க வேண்டும். எங்கே கடித்தது, என்ன மாதிரிப் பாம்பு என்று அந்த மனிதரைக் கேட்டிருக்க வேண்டும். அவர் வாசலிலேயேதான் நின்றுகொண்டிருந்தார். கேட்டிருந்தால் இரண்டாவது 10 குப்பியும் அந்த ரியாக்‌ஷனும் மிச்சமாகியிருக்கும். டயாலிசிஸ் ஒரு நாள் முன்னால் கிடைத்திருக்கும்.

10/ ஒரே வகைப் பாம்புகூட ஊருக்கு ஊர் வேறு. நம் நாட்டில் மருந்து தயாரிக்கத் தேவையான விஷத்தில் பெரும்பகுதி செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. 1978-ல் தொடங்கியது. பாம்பைப் பிடித்துச் சில வாரம் வைத்து விஷம் எடுத்து, திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அந்தச் சமூகத்தின் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. மருத்துவராகச் சொல்கிறேன், எங்கள் வார்டில் பிழைத்தவர்களில் பலர் அவர்கள் கைக்குக் கடன்பட்டவர்கள்.

ஆனால் தமிழ்நாட்டுப் பாம்பின் விஷத்தில் செய்த மருந்து, வடக்கிலும் வடகிழக்கிலும் உள்ள சில பாம்புகளுக்குச் சரியாக வேலை செய்வதில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவன ஆய்வுகள் இதைக் காட்டியுள்ளன. பல்லுயிர் வளம் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, வார்டில் அதற்கு அர்த்தம் இதுதான்.

11/ 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம். ஆண்டுக்குச் சராசரி 58,000. பெரும்பாலும் கிராமத்து ஏழைகள். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக்கியது. எந்த ஊரில் எத்தனை கடி என்ற கணக்கு இனி சேரும். கணக்கு வந்தால்தான் மருந்து அந்த ஊருக்குப் போய்ச் சேரும்.

12/ நீங்கள் செய்ய வேண்டியவை:

பாம்பை அடிக்கவோ பிடிக்கவோ போகாதீர்கள். இரண்டாவது கடி அப்படித்தான் விழுகிறது. தூரத்திலிருந்து போட்டோ கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் பரவாயில்லை. அறிகுறியை வைத்தே வைத்தியம் பார்ப்போம்.

கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், கொலுசைக் கழற்றுங்கள். கடிபட்ட கைகாலை அசைக்காமல், நடக்கவிடாமல் 108-ல் அரசு மருத்துவமனைக்கு வாருங்கள். விஷமுறிவு மருந்து இலவசம்.

எங்கே, எப்போது, என்ன நிறம் என்று பார்த்ததைச் சொல்லுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

தரையில் படுக்காதீர்கள். முடியாவிட்டால் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிவிட்டுப் படுங்கள்.

13/ அந்த அக்கா பல வாரம் டயாலிசிஸில் இருந்து பிழைத்தார். மாதங்கள் கழித்து என் ஓபிக்கு வந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவரே கேட்டார். "அந்தப் பாம்புக்குப் பேரு என்ன சார்?"

சொன்னேன். போனில் படமும் காட்டினேன்.

"இதுவா? இத நெறைய தடவ பாத்திருக்கோம் சார். தோட்டத்துல எங்க கூடவேதான் இருக்கு. இது ஒண்ணும் செய்யாதுன்னு நெனச்சோம்."

இப்போது அவர் கூட வேலை செய்பவர்கள் எல்லோரும் கம்பூட் போட்டுக்கொண்டுதான் தோட்டத்தில் இறங்குகிறார்களாம். சருகைக் கையால் அள்ளாமல் குச்சியால் தள்ளுகிறார்களாம்.

பாம்பும் அங்கேயேதான் இருக்கிறது.

பயனுள்ளதாக இருந்தால் பகிருங்கள், குறிப்பாகத் தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கு.