மரத்தடியில் மறையும் ஓடைகள்

ஏப்ரல் 20

கேரளத்து ஏலமலையிலுள்ள எங்கள் ஊரான சக்குபள்ளத்தில் மிச்சமிருக்கும் ஓடை, சதுப்பு, சோலை மூன்றையும் நடந்தே குறித்து வரைபடமாக்குவது என்று பள்ளிப் பிள்ளைகளும் நானும் முடிவு செய்திருந்தோம். இன்று தொடங்கினோம். முதல் ஏலத்தோட்டத்திலேயே ஒரு பெரியவர் வழிமறித்தார். "டீச்சரே, இது எந்த ஆபீசுக்குப் போகுது? நாளைக்கு நோட்டீஸ் வருமா?"

கேட்க வேண்டிய கேள்விதான். இந்த மலையில் வரைபடம் என்றாலே வயிற்றைக் கலக்கும். 1897ல் திருவிதாங்கூர் அரசு ஏலமலைக் காப்புக்காட்டை அறிவித்தது. அதன் பரப்பு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்ற தகராறு இன்றளவும் ஓயவில்லை. 2013ல் மேற்குத் தொடர்ச்சி மலையை ஆராய்ந்த கஸ்தூரிரங்கன் குழு கேரளத்தில் 123 கிராமங்களைச் சூழல் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. எங்கள் கிராமமும் அதில் உண்டு. 2022 ஜூனில், வனவிலங்குக் காப்பகங்களைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குப் பாதுகாப்பு வளையம் வேண்டுமென்றது உச்ச நீதிமன்றம். அந்த டிசம்பரில் செயற்கைக்கோள் படத்தை வைத்து அரசு வெளியிட்ட வரைபடத்தில் எத்தனையோ வீடுகள் விடுபட்டிருந்தன. குடியிருக்கும் வீடு படத்தில் இல்லையென்றால் யாருக்குத்தான் தூக்கம் வரும்? 2023 ஏப்ரலில் நீதிமன்றமே அந்த உத்தரவைத் தளர்த்தியது. மக்கள் மனதிலிருந்த பயம் தளரவில்லை.

பெரியவரிடம் தாளை நீட்டி, அவர் தோட்டத்து ஓடையை அவரையே வரையச் சொன்னேன். யோசித்துத்தான் பேனாவை வாங்கினார். வரைந்த பிறகு, எந்த வருஷம் எந்த ஊற்று வற்றியது என்பதையும் சேர்த்துச் சொன்னார். இனி எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் முதல் கோடு அந்த வீட்டார் கையால்தான்.

மே 4

கணினி அறையில் கழிந்தது நாள். கேரளத்தில் பத்தாம் வகுப்புக் கணினிப் பாடத்திலேயே கியூஜிஐஎஸ் (QGIS) வரைபட மென்பொருள் வந்துவிட்டதால், பெரிய பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தர அதிகமில்லை. ஓர் ஓடையைச் சுற்றி நூறு மீட்டர் வளையம் போடுவதை ஒருத்தி நொடியில் செய்து காட்டினாள். இதே மாதிரி ஒரு வளையம்தான் 2022ல் மலைமக்களைத் தெருவில் இறக்கியது என்று அவளிடம் சொன்னேன். உடனே வளையத்துக்குள் எத்தனை கூரை இருக்கிறதென்று எண்ண ஆரம்பித்தாள்.

செயற்கைக்கோள் படத்தில் எங்கள் ஊர் பெரும்பாலும் ஒரே பச்சை. ஏலம் நிழலில் வளரும் பயிர். மேலே பெருமரங்கள் கவிந்திருக்க, ஏலத் தட்டைகள் அடியில் நிற்கின்றன. விண்ணிலிருந்து பார்த்தால் காடு எது, தோட்டம் எது என்று பிரிப்பது கடினம். மரத்தடியில் ஒரு கூரையும் மறையும், ஓர் ஓடையும் மறையும். மருந்தடித்து ஓடை செத்துப்போன தோட்டமும் படத்தில் செழிப்பாகவே தெரியும். விளைச்சல் கூட வேண்டுமென்று கிளைகளைக் கழித்து வெயிலை உள்ளே விடுவது இங்கே பெருகிவிட்டது. கிளை கழித்தால் மலையணிலுக்கும் கருமந்திக்கும் மரம்விட்டு மரம் தாவும் வழி அறுந்துபோகும். அதையெல்லாம் காலால் நடந்தால்தான் குறிக்க முடியும்.

மே 19

நல்ல மழை. இரவு ஒன்பது மணிக்கு ஒரு பையன் அவன் அப்பா கைபேசியிலிருந்து அழைத்து, "டீச்சர், மண்ணுக்குள்ள கோழி கேறுது" என்றான். அவன் வீட்டருகே பெற்றோர்கள் துணையோடு கூடினோம்.

கோழிபோல் கேறியது ஊதாத் தவளை. வருஷம் முழுக்க மண்ணுக்கடியில் கறையான் தின்று வாழ்ந்து, முன்மழைக்குச் சில நாள் மட்டும் மேலே வருகிற பிராணி. எஸ். டி. பிஜுவும் பிராங்கி போசுய்ட்டும் 2003ல் இதை உலகுக்கு அறிவித்தார்கள். அந்தத் தவளை கிடைத்தது இங்கிருந்து அதிகத் தூரமில்லாத கட்டப்பனையில். இதன் நெருங்கிய சொந்தங்கள் கடலுக்கு அப்பால் செஷல்ஸ் தீவுகளில் வாழ்கின்றன. 2017ல் மலையின் தமிழ்நாட்டுப் பக்கம், ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்னோர் இனத்தைக் கண்டு, ஊர்வன ஆய்வாளர் பூபதியின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

நாங்கள் பார்த்தது ஒரு ஜோடி. உப்பிய ஊதா உடம்பு, வெளிறிய கூர்மூக்கு, மணிபோல் சின்னக் கண். பெண் பெரிது, அதன் முதுகில் பாதிகூட இல்லாத ஆண் ஒட்டிக்கொண்டிருந்தது. ஈரச் சருகில் ஓடையை நோக்கி நகர்ந்தன. நடுவே ஜீப் பாதை. பிள்ளைகள் டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்து இருபுறமும் வண்டியை நிறுத்தினார்கள். காய் ஏற்றி வந்த ஓட்டுநர் இறங்கிவந்து, "இதைத்தானா சின்ன வயசுல பாதாளத் தவளைன்னு பயமுறுத்துவாங்க!" என்றபடி கடைசிவரை நின்றார். அந்த இடத்தைப் படத்தில் குறித்துவிட்டோம்.

ஜூன் 8

இன்று பெரிய விவாதம். ஒரு தோட்டத்து மரப்பொந்தில் சாம்பல் இருவாச்சி குஞ்சு பொரித்ததைப் பளியர் பழங்குடிப் பையன் ஒருவன் கோடையிலேயே கண்டு வைத்திருந்தான். பெட்டை உள்ளே போய் வாசலை அடைத்துக்கொள்ள, ஒரு கீறல் வழியாக ஆண் பழம் ஊட்டுகிற பறவை அது. ஆணுக்கு ஏதாவது நேர்ந்தால் உள்ளே இருப்பதற்கும் ஆபத்து. அந்த மரத்தைப் புள்ளியாகப் போடலாமா?

"போட்டாத்தானே மரத்தை வெட்டாம இருப்பாங்க" என்றாள் ஒருத்தி. "போட்டா கேமராக்காரங்க வருவாங்க, குஞ்சு திருடுறவங்களும் வருவாங்க" என்றான் கண்டவன். அவன் சொன்ன பக்கமே நான் நின்றேன். 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கிய கேரளப் பறவை வரைபடமும் மாநிலத்தைக் கட்டங்களாகப் பிரித்துத்தான் செய்யப்பட்டது. நாங்களும் கூடுகளைக் கட்டமாக மட்டும் காட்டுவோம்; எந்த மரம் என்பது கண்டவனுக்கும் தோட்டக்காரருக்கும் தெரிந்தால் போதும்.

ஜூன் 22

செல்லார்கோவில் விளிம்பு. கீழே கம்பம் பள்ளத்தாக்கு விரிந்து கிடந்தது. பிள்ளைகளின் பேச்சு தானாக அரிக்கொம்பனுக்குப் போனது. 2023 ஏப்ரல் இறுதியில் சின்னக்கானலில் பிடித்துக் கழுத்துப்பட்டை மாட்டிப் பெரியாறு காப்பகத்தில் விட்ட யானை, மே மாதமே கம்பம் தெருவுக்குள் வந்துவிட்டது. ஜூனில் தமிழக வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனது. "நம்ம படம் மட்டும் ஏன் பஞ்சாயத்து எல்லையில் நிக்குது?" என்று கேட்டான் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன். மலையிறங்கும் ஓடைகளைத் தமிழ்நாட்டுப் பக்கம் பிடிக்க, கம்பத்தருகே உள்ள கூடலூரில் ஒரு பள்ளியை நாடப்போகிறோம்.

ஜூலை 13

மே மாதத்து ஜோடி இறங்கிய ஓடைக்குப் போனோம். சரிவான பாறையில் நீர் மெல்லிசாக வழுக்கி ஓடும் இடத்தில் தலைப்பிரட்டைகள் வரிசையாக ஒட்டியிருந்தன. உறிஞ்சும் வாயால் கல்லைக் கவ்விக்கொண்டு, அத்தனை வேகத்திலும் இம்மியும் நகராமல் பாசியைச் சுரண்டின. தவளையாக மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை நீர் நிற்கவும் கூடாது, வற்றவும் கூடாது. தடுப்பணை கட்டித் தேக்கினால் கவ்வப் பாறை இருந்தும் ஓட்டம் இருக்காது.

அந்த ஓடையில் கொஞ்சம் கீழே தடுப்பணைக்குக் கல் இறக்கியிருக்கிறார்கள். 2002ன் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு பஞ்சாயத்திலும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பதிவேடும் இருக்க வேண்டும். அந்தக் குழுவிடம் படத்தைக் கொண்டுபோகிறோம். தோட்டத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்பதும் நியாயம்தான். அதனால் ஓட்டத்தை மறிக்காமல் பக்கவாட்டில் குளம் வெட்டக்கூடிய இடத்தையும் பிள்ளைகள் குறித்திருக்கிறார்கள். அதைக் காட்டிக்கொடுத்தவர் முதல் நாள் வழிமறித்த பெரியவர். மனுவில் முதல் கையெழுத்தும் அவருடையதே.