ஜூன் மாதக் கணக்கு

ஆகஸ்ட் 11, 2024

மரக்காணம் பக்கத்துக் கிராமம். ஐயனார் கோயில் வாசலில், மண் குதிரைகளின் நிழலில் கூட்டம். ஊராட்சித் தலைவர், பூசாரி, வனவர், மகளிர் குழு அக்காக்கள் ஏழு பேர், ஆடு மேய்க்கும் பெரியவர். கோயில் காட்டை ஒட்டி ஆறு ஏக்கர் கிடக்கிறது. பாதி கோயில் நிலம், பாதி மேய்க்கால் புறம்போக்கு, முழுக்கச் சீமைக்கருவேலம். அதை எடுத்துவிட்டு, கோயிலைச் சுற்றி ஒடுங்கிப்போன பழைய காட்டை மெல்ல வெளியே நகர்த்துவதுதான் எங்கள் திட்டம்.

சீமைக்கருவேலத்தை வெட்ட யாரும் மறுக்கமாட்டார்கள் என்ற நினைப்பில் போயிருந்தேன். பெரியவர்தான் முதலில் வாய் திறந்தார். "சித்திரை, வைகாசியில இங்க ஒரு புல்லு இருக்காது கண்ணு. அந்தக் காயத் தின்னுதான் என் ஆடு உசுரு பொழைக்குது. வெட்டிட்டா எங்க ஓட்டிக்கினு போவேன்?" விறகுக்கு எங்கே போவது என்று ஓர் அக்கா கேட்டார். இரண்டு கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை.

எங்கள் வரைபடத்தில் அந்த இடத்துக்குத் "தரிசு" என்று பெயர். கோடை முழுக்க ஒரு மந்தைக்குத் தீனி போடும் நிலம் தரிசு அல்ல. இனி அந்தச் சொல்லை எழுதமாட்டேன்.

செப்டம்பர் 3

மூன்றாவது கூட்டத்தில் முடிவு வந்தது. ஆறு ஏக்கரையும் ஒரே மூச்சில் அழிப்பதில்லை. இந்த ஆண்டு, கோயில் காட்டுக்கு அடுத்த இரண்டு ஏக்கர் மட்டும். மிச்சம் ஆட்டுக்கு. வெட்டிய மரம் அத்தனையும் மகளிர் குழுவுக்கு. தை முதல் ஆனி வரை பெரியவருக்கே காவல் சம்பளம். நாற்பது பக்க நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், பெரியவர் கைநாட்டு.

பணம் தருபவர்களிடம் ஆறு ஏக்கர் என்று ஒப்புக்கொண்டிருந்தோம். தொலைபேசியில் விளக்க ஒரு மணி நேரம் ஆனது. கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். மண்ணின் காரணத்தையும் சொன்னேன். சீமைக்கருவேலத்தை வெட்டினால் மட்டும் போதாது, தூரோடு எடுக்க வேண்டும். இல்லையென்றால் இரட்டிப்பாகத் தழைக்கும். தூரைத் தோண்டினால் மண் கிளறி, உறங்கிக் கிடந்த விதையெல்லாம் எழும். ஆட்டுப் புழுக்கையிலும் விதை வரும். அந்தக் கன்றுகளை மழையில் மண் இளகியிருக்கும்போது கையால் பிடுங்க வேண்டும். இரண்டு ஏக்கரென்றால் பிடுங்கலாம். ஆறு ஏக்கரென்றால் கைவிட்டுவிடுவோம். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள்.

செப்டம்பர் 27

நாற்றங்காலில் ஒரு நாள். இந்தக் கரையோரக் காட்டை உலர் பசுமைமாறாக் காடு என்கிறார்கள். மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு நீண்ட வறட்சி. அப்போதும் இலையை உதிர்க்காமல், தடித்த பச்சையோடு நிற்கும் மரங்கள். வளர்ந்தாலும் 9 முதல் 12 மீட்டர்தான். வீரை, உலக்கைப்பாலை, காசான், இரும்புலி. சோழமண்டலக் கரை நெடுக இருந்த இந்தக் காடு இன்று பெரும்பாலும் ஐயனாரையும் அம்மனையும் சுற்றித்தான் மிஞ்சியிருக்கிறது.

விதை எடுக்கப் பூசாரி ஒரே நிபந்தனை போட்டிருந்தார்: காட்டுக்குள் கத்தி வரக்கூடாது, கிளையை உலுக்கக்கூடாது, கீழே விழுந்ததை மட்டும் பொறுக்கலாம். உலக்கைப்பாலைப் பழத்தை அக்காக்கள் தின்றுவிட்டுக் கொட்டையைச் சேர்த்தார்கள். உதட்டில் பால் பிசுபிசுவென்று ஒட்டியது என்று இன்றைக்கும் சொல்லிச் சிரித்தார்கள். இரண்டு வருஷத்துப் பாலைக் கன்று என் முழங்காலுக்குத்தான் வருகிறது. பக்கத்துக் கொல்லையில் சவுக்கு நாலு வருஷத்தில் வெட்டுக்கு வந்துவிடும். ஊர்க்காரர்கள் நம்மைப் பொறுத்துக்கொள்வதே பெரிய தயவு என்று இங்கே வரும்போதெல்லாம் தோன்றுகிறது.

அக்டோபர் 22

பருவமழை பிடித்துவிட்டது. சீமைக்கருவேலத்தைத் தூரோடு எடுத்த இரண்டு ஏக்கரில் மூன்று நாளில் 900 கன்று நட்டோம்.

டிசம்பர் 3

ஃபெஞ்சல் புயல் கரை கடந்து மூன்றாம் நாள். மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. இன்றுதான் ஊருக்குள் போக முடிந்தது. வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. கன்றைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நாற்றங்கால் அக்காதான், அடுப்பங்கரையில் சேற்றை வாரிக்கொண்டே சொன்னார்: "பள்ளத்துல வெச்சது போச்சும்மா. மேட்டுல நிக்குது." கூட உட்கார்ந்து சேறு வாரினேன்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது ஆரோவில்லில் வேகமாக வளர்ந்த அக்கேசியாக்கள் ஏராளமாகச் சாய்ந்தன. அவற்றின் நிழலில் நின்ற நம் காட்டு மரக் கன்றுகள் அந்தத் திறப்பில் வெளிச்சம் கண்டன. இதை வேலையில் சேர்ந்த புதிதில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இன்று கோயில் காட்டுக்குள் போய்ப் பார்த்தேன். கிளை முறிந்திருக்கிறது, வேரோடு சாய்ந்தது ஒன்றுமில்லை.

மார்ச் 24, 2025

நிதியாண்டு முடிகிறது. எத்தனை கன்று பிழைத்தது என்ற எண் 31ஆம் தேதிக்குள் போக வேண்டும். இப்போது எண்ணினால் 900-த்தில் 731. பார்க்க நல்ல எண். ஆனால் மழை ஈரம் இன்னும் மண்ணில் இருக்கிறது. கன்றைக் கொல்வது ஏப்ரலும் மேயும். மார்ச்சில் எண்ணுவது பரீட்சைக்கு முன்பே மதிப்பெண் போடுவதுபோல. இத்தனை ஆண்டுகளாக அப்படித்தான் அனுப்பியிருக்கிறேன். இந்த முறை எண்ணுக்குக் கீழே எழுதிவிட்டேன்: இது இடைக்காலக் கணக்கு, ஜூனில் மறுபடி எண்ணி அனுப்புவோம், அதையே இறுதியாகக் கொள்ளுங்கள்.

மே 14

கத்திரி வெயில். கன்றடியில் போட்ட மூடாக்கு மொறுமொறுவென்று காய்ந்துவிட்டது. வெளியூர் மந்தை ஒன்று நேற்று உள்ளே வந்திருக்கிறது. பெரியவர் சண்டை போடவில்லையாம். மிச்சம் வைத்த நாலு ஏக்கருக்குள் அவர்களைக் கூட்டிப்போய்க் காய் உதிர்ந்து கிடக்கும் இடத்தைக் காட்டியிருக்கிறார். "அவங்களுக்கும் வயிறு கீது இல்ல?" என்றார். மொத்தத்தையும் அழித்திருந்தால் அந்த ஆடுகள் எங்கே போயிருக்கும்? நேராக என் கன்றுகளுக்குத்தான். இதை யோசித்து நான் திட்டம் போடவில்லை. முதல் கூட்டத்தில் அவர் கேட்ட கேள்வி போட்ட திட்டம் இது.

ஜூன் 22

காலை ஆறு மணியிலிருந்து எண்ணினோம். 468. வீரை தாக்குப்பிடித்திருக்கிறது, காசான் பாதிக்குமேல் போய்விட்டது. அடுத்த முறை காசானை முதல் ஆண்டிலேயே வெட்டவெளியில் வைக்கக்கூடாது, நிழல் வந்த பிறகுதான்.

முடித்துக்கொண்டு கிளம்பும்போது பெரியவர் கூப்பிட்டு மூன்று பனைமரங்களின் அடிக்குக் கூட்டிப்போனார். விரல் நீளக் கன்றுகள். வேம்பு, காரை, நடுவில் வீரை. "இதெல்லாம் நீங்க வெச்சது இல்லயே?" இல்லை. கோயில் காட்டில் பழம் தின்ற கொண்டைக்குருவிகள் பனையில் வந்து உட்கார்ந்து எச்சமிட்டு விதைத்தவை. உட்கார இடம் இருந்ததால் விழுந்த விதைகள். வெட்டும்போது பனையைத் தொடாதே என்று அன்று அடம்பிடித்தவரும் இவர்தான்.

படிவத்தில் இதற்குப் பத்தி இல்லை. ஓரத்தில் கோடு இழுத்து, "தானாக வந்தவை: 37" என்று எழுதினேன்.

மேற்கு ஓரத்து இரண்டு ஏக்கரை இந்த ஆண்டு எடுப்பதற்குப் பெரியவர் இன்னும் சம்மதிக்கவில்லை. ஜூலையில் கூட்டம். நான் வண்டியை எடுக்கும்போது அவர் சீமைக்கருவேல முள்ளை வெட்டி இழுத்துவந்து, அந்த வீரைக் கன்றைச் சுற்றி வேலியாகச் செருகிக்கொண்டிருந்தார்.