காட்டுக்கேற்ற கத்தி

சிலிபினிலிருந்து நம் இளைஞர் சிலர் இக்காலத்தில் விடுமுறைதோறும் மலையேறவும், காட்டில் கூடாரமடித்துத் தங்கவும் புறப்படுகின்றனர். மிகவும் வரவேற்கத்தக்கதே. ஆனால் அவர்கள் கொண்டு செல்லும் கத்தியைக் கண்டால் சிரிப்பும் அச்சமும் ஒருங்கே உண்டாகின்றன. முதுகில் ரம்பப் பல், குழல்போன்ற பிடி, அதனுள் ஒரு திசைகாட்டி! 1982-இல் வெளிவந்த ஓர் அமெரிக்கப் படத்தின் கதாநாயகன் ஏந்திய கத்திக்கு மலிவான போலி அது. உள்ளீடற்ற பிடியில் அலகு எவ்வளவு ஆழம் பதிந்திருக்கக்கூடும்? ஓங்கி நான்கு வெட்டு வெட்டினால் அலகு ஒருபுறம், பிடி ஒருபுறம்.

நமக்கு வேண்டியது இந்நாட்டுப் பாராங் கத்தியே. பேராக் காடுகளில் வழிமறிப்பவை பசுங்கொடியும் பிரம்பும் மூங்கிலுமாகும். இவற்றிற்கு முனைப்பக்கம் கனத்த நீண்ட அலகு வேண்டும். அப்பொழுதுதான் கையின் பலத்தைவிடக் கத்தியின் எடையே வேலை செய்யும். தோட்டத்தில் நாமறிந்த பால்வெட்டுங் கத்தி, பட்டையை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனத்தில் சீவுவதற்கென்றே பிறந்தது. அதைக் காட்டுக்குக் கொண்டு போவதில் பிரயோஜனமில்லை.

காட்டில் உயிர் காப்பது புலியோடு போராடும் வீரமன்று, கொதித்த தண்ணீர். 1942, 1943-ஆம் ஆண்டுகளில் சயாம் மரண ரயில் பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து கொண்டு போகப்பட்டோரில் பல்லாயிரவர் மாண்டனர். வாந்திபேதி அவர்களைக் கூட்டங்கூட்டமாக வாரிக்கொண்டது. மழைக்காட்டில் விறகின் மேற்புறம் என்றும் ஈரமே. அதைப் பிளந்து உள்ளிருக்கும் உலர்ந்த வைரத்தை எடுத்தாலன்றோ தீ மூளும், தண்ணீர் கொதிக்கும்? ஆகவே பிளக்கும்போது முறியாத இரும்பே முதற்றேவை. பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த பாராங் இதற்கு மிகவும் ஏற்றது. அதிர்ச்சியைத் தாங்கும், கல்லில் தீட்டினால் எளிதில் கூர் ஏறும். துருப்பிடிக்கும் என்பது மெய்தான். துடைத்து எண்ணெய் தடவுவதற்குச் சோம்புவோர் கத்தியே வாங்க வேண்டுவதில்லை.

கடையில் பிடியை அசைத்துப் பார்க்க வேண்டும். சற்றே ஆடினாலும் திருப்பிக் கொடுத்துவிடலாம். வியர்த்த கையிலும் வழுக்காதிருக்கிறதா, உறை வாயோடு வாயாகப் பொருந்துகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். உறையைப் பற்றி நான் வற்புறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. தக்க காரணமின்றிப் பொதுவிடத்தில் ஆயுதம் வைத்திருப்போருக்கு 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறையும் பிரம்படியும் உண்டு. காட்டிலிருந்து திரும்பும் வழியில் பாராங்கை இடுப்பில் செருகியபடியே சாப்பாட்டுக் கடையில் அமரும் தமிழ்ப் பிள்ளையைப் போலீஸார் மலையேறியவன் என்றா எண்ணுவார்கள்? உறையிலிட்டுத் துணியிற் சுற்றி, மூட்டையின் அடியில் வைத்து, நேரே வீடு வந்து சேரட்டும்.

ஆயுத பூஜையன்று கத்திக்குச் சந்தனப் பொட்டிடும் வீடுகளில், பொட்டின் அடியிலே துரு படர்ந்திருப்பதை நான் கண்டதுண்டு!

இன்னொன்று. பாம்பு கடித்த இடத்தைக் கீறி இரத்தத்தை வெளியேற்றக் கத்தி உதவுமென்று இன்றும் சொல்லித் திரிகிறார்கள். கீறுவதும் உறிஞ்சுவதும் இறுகக் கட்டுவதும் தீங்கே செய்யும். கடிபட்ட காலை அசையாமல் வைத்து ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கு விரைந்து கொண்டு போக வேண்டும். அப்பொழுது பாராங்குக்குள்ள வேலை, தூக்கிச் செல்லும் டோலிக்கு இரண்டு மூங்கில் வெட்டித் தருவது மட்டுமே.