கிச்சன் மேடைக்குக் கல் வாங்க கிருஷ்ணகிரி போறீங்களா?

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் பர்கூரைத் தாண்டினால், சாலையோரம் கிரானைட் பலகைகள் வரிசையாகச் சாய்ந்து நிற்கின்றன. அலையலையாகக் கோடு ஓடும் ‘பாரடைசோ’ இந்தப் பக்கத்துக் கல்தான்.

பழைய சமையலறையைப் புதுப்பிக்க வருபவர்களின் கண் பளபளப்பில் விழும். கை பர்ஸைத் தொடும். கடப்பா கல் மலிவுதான். ஆனால், அது சுண்ணாம்புக்கல் வகை; எலுமிச்சை, புளி பட்டால் தழும்பு விழும். கிரானைட்டில் அந்தக் கவலை குறைவு.

10 அடி நீளம், 2 அடி அகல மேடைக்கு 20 சதுர அடி போதும். முழுப் பலகை வேண்டாம். கட் பீஸ் கேளுங்கள், விலை குறையும். வெட்டுக்கூலி, ஓர பாலிஷ், வண்டி வாடகை எல்லாம் சேர்த்து எழுதி வாங்குங்கள்.

பணம் கொடுக்கும் முன் கல்லில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, 10 நிமிடம் பாருங்கள். கறுத்தால், நாளை எண்ணெயும் இறங்கும். ஒருமுறை பதித்துவிட்டால் மாற்றுவது சுலபமல்ல!